பழைய குழுவுக்குப் புதுப் பெயரா? தி ஹாண்டட் பற்றிய கேள்விக்கு விளக்கம்

அடுத்த கேள்விக்கு வருவோம். நேயர் ஒருவர் எழுதியிருக்கிறார், அப்படியே வாசிக்கிறேன்: "ஸ்வீடன் நாட்டின் தி ஹாண்டட் குழு, அட் தி கேட்ஸ் கலைந்த பிறகு அதே ஆட்கள் வேறு பெயரில் தொடங்கியதுதானே? அப்படியிருக்க, ஏன் இதை த்ராஷ் மெட்டல் என்கிறார்கள்? பாடகர் ஏன் மாறிக்கொண்டே இருக்கிறார்? எந்த ஆல்பத்திலிருந்து கேட்கத் தொடங்குவது?"

ஒரு கேள்வி என்று சொல்லி நான்கைக் கேட்டுவிட்டார். பரவாயில்லை. முதல் கேள்விக்கு விடை கிடைத்தால் மற்ற மூன்றும் தானாகவே அவிழ்ந்துவிடும்.

அதற்கு முன் ஒரு சிறு திருத்தம். பலர் த்ராஷ் மெட்டலை, அதாவது ஹெவி மெட்டல் எனும் உரத்த ராக் இசையின் வேகமான ஒரு வகையை, 'ட்ராஷ் மெட்டல்' என்று எழுதுகிறார்கள். ட்ராஷ் என்றால் குப்பை. இது த்ராஷ், அதாவது போட்டு அடிப்பது, வெளுத்து வாங்குவது. பிடிக்காதவர்களுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியலாம், அது வேறு விஷயம்.

சரி, அட் தி கேட்ஸ். ஸ்வீடனின் மேற்குக் கரையில் உள்ள கோத்தன்பர்க் நகரத்துக் குழு, 1990இல் தொடங்கியது. 1995இல் 'ஸ்லாட்டர் ஆஃப் தி சோல்' என்ற ஆல்பத்தை வெளியிட்டார்கள். டெத் மெட்டல் என்பது உறுமும் குரலில் பாடும் முரட்டு மெட்டல்; அதில் மெட்டையும் கலந்த மெலடிக் டெத் மெட்டல் என்ற வகைக்கே இன்றுவரை அதைத்தான் உரைகல்லாக வைக்கிறார்கள். அப்படி ஒரு ஆல்பத்தைக் கொடுத்த குழு, அடுத்த ஆண்டே கலைந்துபோனது. கிதார் வாசித்த ஆண்டர்ஸ் பியோர்லர் விலகினார், அதோடு எல்லாம் முடிந்தது.

அந்தக் குழுவின் டிரம்ஸ் கலைஞர் ஏட்ரியன் எர்லாண்ட்சன். ஆர்ச் எனிமி குழுவில் டிரம்ஸ் வாசிக்கும் டேனியல் எர்லாண்ட்சன் இவருடைய தம்பி. இந்த ஏட்ரியன் 1996இல் பாட்ரிக் யென்சன் என்ற கிதார் கலைஞரோடு சேர்ந்து தி ஹாண்டட்டைத் தொடங்கினார். யென்சன் என்ற பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள், நமது விடையே இவர்தான். யென்சன் அட் தி கேட்ஸில் இருந்தவரே அல்ல. லின்ஷோப்பிங் ஊரின் சேயன்ஸ் என்ற டெத் மெட்டல் குழுவில் வாசித்தவர். தி ஹாண்டட் தொடங்கிய அடுத்த ஆண்டே விட்சரி என்று இன்னொரு குழுவையும் தொடங்கினார். எண்பதுகளின் த்ராஷ் அவர் கையில் ஊறிப்போன ஒன்று. பேஸ் கிதாருக்கு அட் தி கேட்ஸின் யோனாஸ் பியோர்லர் வந்தார். பிறகு அவருடைய இரட்டைச் சகோதரர், விலகிப்போனாரே அதே ஆண்டர்ஸ், இங்கே வந்து சேர்ந்தார். பாடுவதற்கு மேரி பீட்ஸ் ஜேன் குழுவின் பீட்டர் டோல்விங் வந்தார்.

ஆக, ஐந்து பேரில் மூன்று பேர் பழைய குழுவினர். தலையை எண்ணிப் பார்த்தால் நேயர் சொல்வதுதான் சரி. ஆனால் காதால் கேட்டால் கணக்கு வேறு.

இதோ, மேசையில் தட்டிக் காட்டுகிறேன். டும், டக், டும், டக். 'டும்' என்பது காலால் மிதிக்கும் பெரிய டிரம், 'டக்' என்பது ஸ்னேர், குச்சியால் அடிக்கும் சிறிய டிரம். இதையே மூன்று மடங்கு வேகத்தில் நினைத்துப் பாருங்கள். ஸ்னேர் அடி எப்போதும் தாளத்தின் இடைவெளியில் விழும், அதனால் ஆளை முன்னால் தள்ளிக்கொண்டே போகும். இதுதான் த்ராஷின் ஓட்டம். கிதாரில், வலது உள்ளங்கையின் ஓரத்தைத் தந்திகள் மீது, அவை கிதாரின் உடலில் தொடங்கும் இடத்துக்கு அருகில் லேசாகப் பதித்துக்கொண்டு, பெரும்பாலும் மேலிருந்து கீழாகவே மீட்டுவார்கள். மேலும் கீழும் மீட்டினால் கைக்கு எளிது. ஆனால் ஒவ்வொரு அடியும் ஒரே கனத்தில் விழாது. கீழ்நோக்கி மட்டும் மீட்டினால் ஆணி அறைவதுபோல இருக்கும், மணிக்கட்டும் கழன்றுபோகும். நான் ஒரு காலத்தில் முயன்று பார்த்தேன். இரண்டே நிமிடத்தில் முன்கை கல்லாகிவிட்டது. அதன் பிறகு கேட்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

அட் தி கேட்ஸின் ரிஃப்களில், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிதார் துணுக்குகளில், ஒரு சோகமான மெட்டு எப்போதும் மேலே மிதக்கும். தி ஹாண்டட்டில் அந்த மெட்டு பின்னுக்குப் போய், யென்சனின் வலது கை முன்னால் வருகிறது. 1998இல் இயரேக் நிறுவனம் வெளியிட்ட முதல் ஆல்பத்தில் முதல் பாடல் 'ஹேட் சாங்'. சுமார் மூன்று நிமிடம்தான். அதை ஒருமுறை கேட்டால் த்ராஷ் என்று ஏன் சொல்கிறார்கள் என்ற சந்தேகம் போய்விடும்.

இப்போது பாடகர் விவகாரம். முதல் ஆல்பத்தோடு டோல்விங் போய்விட்டார். ஃபேஸ் டவுன் குழுவின் மார்கோ ஆரோ வந்தார். ஏட்ரியனும் கிரேடில் ஆஃப் ஃபில்த் குழுவுக்குப் போக, டென்மார்க்கிலிருந்து பெர் மோல்லர் யென்சன் டிரம்ஸுக்கு வந்தார். பெயரில்தான் யென்சன், பாட்ரிக்கின் உறவினர் அல்ல. இந்த அணி 2000இல் கொடுத்த 'தி ஹாண்டட் மேட் மீ டூ இட்' அவர்களுக்கு கிராமிஸ் விருது வாங்கித் தந்தது. அமெரிக்காவின் கிராமி என்று நினைத்துவிடாதீர்கள், இது ஸ்வீடனின் சொந்த விருது. 2003இல் 'ஒன் கில் வொண்டர்'. அதோடு ஆரோ போனார், டோல்விங் திரும்பினார். 2004இல் 'ரிவால்வர்', இம்முறை செஞ்சுரி மீடியா நிறுவனத்தில்.

டோல்விங்கின் இந்த இரண்டாம் காலத்தைத்தான் ரசிகர்கள் இன்றும் வைத்துச் சண்டை போடுகிறார்கள். ஆரோ பாடினால் நெஞ்சிலிருந்து ஒரே உறுமல், கல் உடைப்பதுபோல. டோல்விங் அப்படியல்ல. முணுமுணுப்பார், பேசுவார், திடீரென்று கத்துவார், பிறகு சாதாரணமாகப் பாடவும் பாடுவார். 2006இல் வந்த 'தி டெட் ஐ' ஆல்பத்தில் ஒரு விளையாட்டு பாருங்கள்: எல்லாப் பாடல்களின் தலைப்பும் 'தி' என்றுதான் தொடங்கும். 'தி ஃப்ளட்', 'தி மெடிகேஷன்', 'தி ட்ரவுனிங்' என்று வரிசையாக. வேகம் குறைந்து, மன அழுத்தம் கூடிய ஆல்பம். எனக்குப் பிடிக்கும். 2008இல் 'வெர்சஸ்' கொஞ்சம் பழைய முரட்டுத்தனத்துக்குத் திரும்பியது. 2011இல் 'அன்ஸீன்', அது த்ராஷிலிருந்து வெகுதூரம் போய்விட்டது. துணிச்சலைப் பாராட்டுகிறேன், ஆனால் ஆல்பத்தை எடுத்துக் கேட்பதில்லை.

2012இல் வீடே காலியானது. டோல்விங், ஆண்டர்ஸ், டிரம்ஸ் வாசித்த யென்சன் மூவரும் விலகினார்கள். மிஞ்சியவர்கள் இருவர்: பாட்ரிக் யென்சன், யோனாஸ் பியோர்லர். தொடக்கம் முதல் இன்றுவரை நகராமல் இருப்பவர்கள் இவர்கள் மட்டுமே. அடுத்த ஆண்டு ஆரோவும் ஏட்ரியனும் திரும்பி வந்தார்கள், கூடவே புதிதாக ஓலா எங்லுண்ட். கிதார் பற்றிய காணொளிகள் பார்ப்பவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும், சோலார் கிதார்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர். 2014இல் 'எக்ஸிட் வூண்ட்ஸ்', 2017இல் 'ஸ்ட்ரெங்த் இன் நம்பர்ஸ்', எட்டு ஆண்டு மௌனத்துக்குப் பிறகு 2025இல் 'சாங்ஸ் ஆஃப் லாஸ்ட் ரிசார்ட்'.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். 'எக்ஸிட் வூண்ட்ஸ்' வந்த அதே 2014இல், மீண்டும் ஒன்றுகூடிய அட் தி கேட்ஸும் புதிய ஆல்பம் வெளியிட்டது. யோனாஸும் ஏட்ரியனும் இரண்டிலும் வாசித்தார்கள். ஒரே ஆண்டு, அதே இரண்டு பேர், ஆனால் இரண்டு வேறு இசை. பெயர் மாற்றம்தான் என்று நினைக்கும் நேயர் இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்கட்டும்.

எதிலிருந்து தொடங்குவது? 'மேட் மீ டூ இட்'. அதில் 'பரி யுவர் டெட்' பாடலில் தொடங்குங்கள். பிடித்தால் பின்னோக்கி முதல் ஆல்பத்துக்குப் போங்கள், பிறகு 'ரிவால்வர்'. 'தி டெட் ஐ' ஆல்பத்தை ஒரு மழை நாளுக்கு எடுத்து வையுங்கள். பக்கத்து வீட்டாரோடு நல்லுறவு வேண்டுமென்றால் ஹெட்ஃபோன் போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, அடுத்த கேள்வி.