பெத்லகேமில் ஒரு ரோமானியப் பாலம்

மாண்புமிகு நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

இத்தாலிய ஓவியர் ராஃபேல் வரைந்து கொடுத்ததைச் செதுக்குக் கலைஞர் மார்க்கன்தோனியோ ரைமொண்டி 1510-ஐ ஒட்டிய ஆண்டுகளில் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட ‘மாசில்லாக் குழந்தைகளின் படுகொலை’ என்னும் படத்துக்கு ரோமாபுரிப் பின்னணி பொருந்துமா, பொருந்தாதா என்பது இன்றைய வழக்கு. பொருந்தும் என்று வாதிட வந்திருக்கிறேன்.

பெத்லகேமிலும் அதன் சுற்றுப்புறத்திலும் இரண்டு வயதும் அதற்கு உட்பட்டவையுமான ஆண் குழந்தைகளைக் கொல்லும்படி யூதேய அரசன் ஏரோது ஆணையிட்டதாக விவிலியத்தில் மத்தேயு இரண்டாம் அதிகாரத்தில் எழுதியிருக்க, அந்த யூதேய மலையூருக்கு ரோமின் டைபர் ஆற்றுப் பாலம் எப்படி வந்தது என்று எதிரணித் தலைவர் கேட்டுக் கைதட்டலும் வாங்கிச் சென்றார். கேள்வி நியாயமானதே. படத்தில் தெரிவது கி.மு. 62-இல் கட்டப்பட்டு இன்றும் ரோமில் நிற்கும் ஃபப்ரீசியஸ் பாலம் என்றே பொதுவாக அடையாளம் காணப்படுகிறது. பெத்லகேமில் அப்படியொரு பாலம் இருந்ததில்லை. ஆனால் ஏரோதுக்கு அரசப் பட்டம் தந்தது யார்? கி.மு. 40-இல் கூடிய ரோமாபுரியின் செனட் சபை. பட்டம் பெற்றவன் செசரியாவில் துறைமுகம் அமைத்து, அதை நோக்கி அகஸ்டஸுக்கும் ரோமுக்குமாக ஒரு கோயிலையும் எழுப்பினான். ரோமின் தயவில் ஆண்டு, ரோமின் பாணியில் கட்டியவனுடைய ஆணை ரோமானியக் கற்களின் முன்னே நிறைவேறுவதாகக் காட்டியதை வரலாற்றுப் பிழை என்பது, யூதேயாவின் வரலாற்றைப் பாதியில் மூடி வைப்பதாகும்.

ஆடையற்ற வீரர்களின் உடல்கள் பளிங்குச் சிலைகள் போல் அழகாக இருப்பதால் துயரம் நீர்த்துவிட்டது என்று இரண்டாவதாகப் பேசிய சகோதரி சொன்னார். நான் இதற்கு நேர் எதிராகப் பார்க்கிறேன். பாதுவா நகரத்துச் சிற்றாலயத்தில் ஜோத்தோ இதே நிகழ்ச்சியைத் தீட்டியபோது, மாடத்தில் நின்று கை நீட்டி ஆணையிடும் ஏரோதையும் காட்டினார். பழியை யார்மேல் போடுவது என்று பார்ப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். இந்தச் செதுக்கோவியத்திலோ அரசன் இல்லை. கொல்பவர் எந்த நாட்டுப் படை என்று சொல்லும் சீருடையும் இல்லை. நடுவில் ஒரு தாய் குழந்தையை அணைத்துக்கொண்டு, வாய் திறந்து அலறியபடி நம்மை நோக்கியே ஓடி வருகிறாள். அவளைக் கண்ட பிறகும் வீரர்களின் தசைநார்களை ரசிக்க எதிரணியினருக்கு மனம் வந்திருக்கிறது. அது ராஃபேலின் குற்றமா என்பதை நடுவரே தீர்மானிக்கட்டும்.

இப்படம் சுவரோடு ஒட்டிய ஓவியமன்று. பலரும் வாங்கிக் கையில் வைத்துப் பார்த்த அச்சுத்தாள். எங்கோ ஒரு கீழ்த்திசைக் குன்றை வரைந்திருந்தால், ரோமில் அதை வாங்கியவர் கொலையையும் அந்தத் தொலைதூரத்துக்கே அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பார். தாம் நடந்து கடக்கும் பாலமே அத்தாய்க்குப் பின்னால் நிற்கும்போது, அந்த வசதி அவருக்குக் கிடைக்கவில்லை.