அலை உடையாத இடம்

வானொலி நேயர்களுக்கு என் அன்பு வணக்கம்.

வீட்டுக்கு வெளியே, திறந்த வானத்தின் கீழ் கிடைத்த மறக்க முடியாத அனுபவங்களைப் பற்றிப் பேசுங்கள் என்று நிலையத்தார் கேட்டார்கள். கேட்டவுடனே இரண்டு இடங்கள் சேர்ந்தே மனதில் வந்தன. ஒன்று நம்முடைய திருக்கோணமலைக் கடற்கரை. மற்றது கனடாவில், ரொறன்ரோ நகரின் ஸ்காபுறோப் பக்கத்தில், பனி மூடிக்கிடந்த ஒரு மேடு. ஒன்றில் நான் பத்து வயதுச் சிறுமி. மற்றதில் அறுபது வயது அம்மம்மா. இந்த இரண்டையும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

முதலில் கடலில் இருந்தே தொடங்குகிறேன்.

என் அப்பாவுக்குத் திருக்கடலூரில் ஒரு நண்பர் இருந்தார். கரைவலைச் சம்மாட்டி, அதாவது வலைக்குச் சொந்தக்காரர். நான் அவரைச் சம்மாட்டி மாமா என்றுதான் கூப்பிடுவேன். விடுமுறை நாட்களில் அப்பா என்னை விடியற்காலையிலேயே அங்கே கூட்டிக்கொண்டு போவார். வள்ளம் வலையை அரைவட்டமாக வளைத்துப் போட்டுவிட்டுக் கரைக்கு வரும். பிறகு இரண்டு பக்கக் கயிற்றையும் இரண்டு கூட்டமாக நின்று இழுப்பார்கள். நேரம் போகப் போக அந்த இரண்டு கூட்டமும் மணலில் நடந்து நடந்து ஒன்றை ஒன்று நெருங்கும். கயிற்றின் கடைசியைப் பிடிக்க என்னையும் விடுவார்கள். என் பலத்தால் வலை ஒரு அங்குலம்கூட வந்திருக்காது என்று இப்போது தெரிகிறது. ஆனாலும் வலையின் மடி கரையேறி, கீரி, சூடை, நெத்தலி மீன்கள் வெள்ளியாகத் துள்ளும்போது, அதை இழுத்தவர்களில் நானும் ஒருத்தி என்ற சந்தோஷம் நெஞ்சு கொள்ளாமல் இருக்கும். உள்ளங்கையில் கயிறு கீறிய எரிவோடு பள்ளிக்கூடம் போன நாட்கள் உண்டு. அந்த எரிவை ஒருவரிடமும் சொல்லமாட்டேன், அடுத்த முறை விடமாட்டார்கள் என்ற பயம்.

ஒரு கார்த்திகை மாதம். வாடைக்காற்று தொடங்கிவிட்டது. சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரை குளம் போலக் கிடக்கிற நம்முடைய கிழக்குக் கடல், வாடை விழுந்தால் வேறு கடலாக மாறிவிடும் என்பது கேட்டுக்கொண்டிருக்கிற உங்களுக்குத் தெரியும். வலை போடாத நாள். மாமா கரையில் குந்தியிருந்தார். நான் குளிக்க வேண்டும் என்று அடம்பிடித்தேன்.

"கொஞ்சம் பொறு பிள்ளை. முதல் கடலை வடிவாய்ப் பார்" என்றார். நான் பார்த்தேன். "சரி, இறங்கிறதெண்டால் எந்த இடத்தில இறங்குவாய்? சொல்லு பாப்பம்."

இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைந்து விழுந்துகொண்டிருந்தது. நடுவில் மட்டும் ஒரு துண்டு, ஒரு வீட்டு வளவின் அகலம் இருக்கும், அலை உடையாமல் அமைதியாகக் கிடந்தது. நான் அதைக் காட்டினேன்.

"அதுதான் ஆளைக் கொண்டுபோற இடம்" என்றார் மாமா. "கரைக்கு வந்த தண்ணி எல்லாம் திரும்பிப் போக ஒரு வழி வேணுமெல்லோ? அந்த வழிதான் அது. சும்மா கிடக்குது எண்டு நம்பிப் போகாதே."

பிற்காலத்தில் நான் புவியியல் படிப்பிக்கிற ஆசிரியையானேன். அலைகள் கரைக்குத் தள்ளிய நீர் ஆழமான ஒரு வாய்க்காலைத் தேடி அதன் வழியாகத் திரும்புகிறது, அங்கே ஆழம் அதிகம் என்பதால்தான் அலை உடைவதில்லை என்று கரும்பலகையில் படம் கீறிச் சொல்லிக்கொடுத்தேன். அதில் அகப்பட்டால் கரையைப் பார்த்து நேராக நீந்தக்கூடாது, கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வரவேண்டும் என்றும் ஒவ்வொரு வகுப்புக்கும் சொன்னேன். இந்தக் கரையில் பிறந்த பிள்ளைக்குச் சோதனையில் வராவிட்டாலும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் அது. ஆனால் படமும் விளக்கமும் எனக்குப் பிறகு வந்தவை. முதலில் வந்தது மாமாவின் கேள்விதான்.

அப்பாவோடு போன இன்னொரு காலையையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பிரெட்ரிக் கோட்டை வாசலால் உள்ளே போய், வழியில் நிற்கிற புள்ளிமான்களைத் தாண்டி, சுவாமி மலைக்கு ஏறினோம். கோணேசர் கோயிலில் கும்பிட்டுவிட்டு, இராவணன் வெட்டுப் பக்கம் நின்று கீழே பார்த்தோம். கடல் கண்ணாடியாகக் கிடந்தது. தூரத்தில் ஒரு வெள்ளைத் தூண் எழும்பிக் கரைந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும். அப்பா என் தோளை அழுத்திப் பிடித்தார். ஒன்றும் பேசவில்லை. நீலத்திமிங்கிலம் விடுகிற மூச்சு முப்பது அடி உயரத்துக்கு எழும்பும் என்பதும், நம்முடைய கரைக்குக் கிட்டவே கடலடியில் பெரிய பள்ளத்தாக்கு ஒன்று இருப்பதால்தான் அவை இவ்வளவு அருகில் வருகின்றன என்பதும் எனக்குப் பிறகுதான் தெரியும். அன்றைக்குத் தெரிந்தது, அப்பாவின் கை நடுங்கியது மட்டும்தான்.

சரி, இப்போது கனடாவுக்கு வருகிறேன்.

2013-ஆம் ஆண்டு ஓய்வுபெற்றதும் மகளிடம் போனேன். பேத்திக்கு அப்போது ஏழு வயது. நான் போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில், டிசம்பர் 21, 22-ஆம் திகதிகளில், ரொறன்ரோவில் பெரிய உறைமழை பெய்தது. மழையாக விழும், விழுந்த இடத்திலேயே ஐஸாகிவிடும். ஒவ்வொரு சுள்ளியும் கண்ணாடிக் குழாய்க்குள் வைத்தது போல இருந்தது. பாரம் தாங்காமல் கொப்புகள் முறிந்து விழுகிற சத்தம் இரவு முழுவதும் கேட்டது. நகரத்தில் மூன்று இலட்சம் வீடுகளுக்கும் இடங்களுக்கும் மின்சாரம் நின்றது. மகள் வீட்டிலும் இல்லை. மெழுகுதிரி வெளிச்சத்தில் எல்லோரும் ஒரே அறையில் ஒண்டிக்கொண்டிருந்தபோது, யுத்த காலத்து இரவுகளைப் பற்றிப் பேத்தி கேட்டாள், நான் சொன்னேன். அவள் பயப்படவில்லை. நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஜனவரியில் அந்த ஐஸின் மேல் புதுப்பனி விழுந்தது. ஒரு சனிக்கிழமை பேத்தி என்னைப் பனிச்சறுக்குக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஆமாம், அவள்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே சறுக்குப்பலகையை டொபகன் என்றும் சொல்வார்கள். மிக்மாக் என்கிற அந்த மண்ணின் ஆதிக்குடிகளின் மொழியிலிருந்து பிரெஞ்சுக்குப் போய், அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். ஆதியில் பலகையை முன்பக்கம் வளைத்துச் செய்து, பனியில் சாமான் இழுக்கப் பாவித்திருக்கிறார்கள். எங்களிடம் இருந்தது சிவப்பு பிளாஸ்டிக்கில் தட்டுப் போல ஒன்று. அதில் திருப்புவதற்கும் ஒன்றுமில்லை, நிறுத்துவதற்கும் ஒன்றுமில்லை. காலை ஊன்றித்தான் இரண்டையும் செய்யவேண்டும்.

முதல் முறை பேத்தியும் நானும் சேர்ந்து போனோம். மேட்டின் வலப்பக்கம், பிள்ளைகள் எல்லோரும் போய்ப்போய்த் தடம் பதிந்த வழி. அவள் முன்னால், நான் பின்னால் அவளைக் கட்டிக்கொண்டு. அந்த இறக்கத்தை எப்படிச் சொல்வது? காற்று முகத்தில் ஊசியாகக் குத்தியது. கண்ணில் நீர் வந்தது. பனித்தூள் எழும்பி வாய்க்குள் போனது. கீழே வந்து தானாகவே மெதுவாகி நின்றபோது, வலை கரையேறுகிற நேரம் நெஞ்சுக்குள் வந்த அதே சந்தோஷம் அறுபது வயதில் எனக்குத் திரும்பி வந்தது. பேத்தி என்னைத் திரும்பிப் பார்த்து, "அம்மம்மா, நீங்கள் கத்தினீங்கள்!" என்றாள். கத்தினேன் என்பதே எனக்குத் தெரியாது.

மேலே ஏறியபோது அவள் தன் சிநேகிதியைக் கண்டு அங்கே ஓடிவிட்டாள். பலகை என் கையில். வலப்பக்கத்தில் பிள்ளைகள் நிறைய நின்றார்கள். மோதிவிடுவேனோ என்று நினைத்தேன். இடப்பக்கம் பார்த்தேன். அங்கே ஒரு அகலமான வழி, மழமழவென்று, ஒருவரும் இல்லாமல் கிடந்தது. தடம்கூட இல்லை. அது பாதுகாப்பான இடம் என்று நினைத்து உட்கார்ந்தேன்.

நேயர்களே, ஐம்பது வருடத்துக்கு முன் ஒரு மனிதர் என்னிடம் கேட்ட அதே கேள்விக்கு நான் மறுபடியும் அதே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தேன். தண்ணீராக இருந்தால் அடையாளம் கண்டிருப்பேன். பனியில் எனக்குத் தெரியவில்லை.

விரல் தடிப்புக்குத்தான் புதுப்பனி இருந்தது. அதற்குக் கீழே டிசம்பர் மாதத்து ஐஸ். பலகை புறப்பட்ட விதமே வேறாக இருந்தது. சத்தமே இல்லை. முதல் முறை பனியை அரைத்துக்கொண்டு போன சத்தம் இல்லை என்பதை உணர்ந்தபோது பாதி மேடு முடிந்துவிட்டது. குதிகாலை ஊன்றினேன், பிடிக்கவில்லை. கீழே மரக்கட்டை வேலி ஒன்று வந்துகொண்டிருந்தது. இப்படி நேரத்தில் பலகையை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் உருண்டுவிட வேண்டும் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு அது தெரியாது, பலகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வேலிக்கு முன்னால் பலகை சுழன்றது. நான் தூக்கி எறியப்பட்டு இடது கையை ஊன்றி விழுந்தேன். கைக்குள் ஒரு சத்தம் கேட்டது. காய்ந்த பனை மட்டை முறிகிற சத்தம் போல.

வலி உடனே வரவில்லை. வானம் முழுவதும் சாம்பல் நிறமாக இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். பிறகு முகங்கள் வந்தன. ஒருவர் தன் மேலங்கியைக் கழற்றி என்மேல் போர்த்தினார், அந்தக் குளிரில். ஒரு சீனத்து மூதாட்டி, அவரும் பேரப்பிள்ளைகளோடு வந்திருக்க வேண்டும், தன்னுடைய சுடுநீர்ப் போத்தலைத் திறந்து மூடியில் ஊற்றி என் வாயில் வைத்தார். தேநீர் இல்லை, கோப்பி இல்லை, வெறும் சுடுநீர். அவருடைய மொழி எனக்குத் தெரியாது, என்னுடையது அவருக்குத் தெரியாது. அம்புலன்ஸ் வரும்வரை என் வலது கையை விடாமல் வைத்திருந்தார். அவருடைய முகத்தை இன்றைக்கும் கண்ணை மூடினால் காண்பேன்.

மணிக்கட்டுக்கு மேலே எலும்பு முறிந்திருந்தது. ஆறு கிழமை கட்டு. கட்டுக்குப் பச்சை நிறத்தைப் பேத்திதான் தெரிவுசெய்தாள். அன்றிரவு என் கட்டிலில் வந்து இருந்துகொண்டு, மெதுவாகச் சொன்னாள்: "அம்மம்மா, அந்தப் பக்கம் ஒருவரும் போறேல்லை. எல்லாருக்கும் தெரியும்." என்னைக் குறைசொல்லவில்லை. தான் எனக்குச் சொல்ல மறந்துவிட்டாள் என்று அழுதாள். நான் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்த மேட்டில் அவள்தான் சம்மாட்டி.

சித்திரையில் ஊருக்குத் திரும்பினேன். கட்டுக் கழற்றியும் கை மடங்கவில்லை. தம்பி என்னைக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குக் கூட்டிக்கொண்டு போனான். சிறுவயதில் மார்கழிக் குளிரில் போய், ஏழு கிணற்றில் எது அதிகம் சுடுகிறது என்று கைவிட்டுப் பார்த்து விளையாடிய இடம். அம்மா இறந்த பிறகு அந்தியேட்டிக் கிரியைக்கும் அங்கேதான் போனோம். தன் தாயின் கிரியைக்காக இராவணன் உண்டாக்கிய நீர் என்று நம்முடைய ஆட்கள் சொல்வதால், தாயை இழந்தவர்களுக்கு அந்த இடம் வேறு மாதிரியான இடம். தம்பி வாளியால் அள்ளி அள்ளி என் மணிக்கட்டில் ஊற்றினான். அந்த இளஞ்சூடு தோலில் பட்டதும் எனக்கு அம்மாவும் ஞாபகம் வந்தார், பெயர் தெரியாத அந்தச் சீனத்து மூதாட்டியும் ஞாபகம் வந்தார். பூமிக்குள்ளிருந்து வருகிற சூடும், ஒரு கிழவியின் போத்தலில் இருந்து வந்த சூடும். கண்ணீர் வந்தது. தம்பி கை நோகுது என்று நினைத்திருப்பான்.

2017 டிசம்பரில் மகள் குடும்பத்தோடு வந்தாள். பேத்திக்குப் பதினொரு வயது. அவளை உப்புவெளிக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நல்ல வாடை. குளிக்க வேண்டும் என்று நின்றாள். மணலில் இருத்தி, கடலைக் கொஞ்ச நேரம் வடிவாகப் பார்க்கச் சொன்னேன். சம்மாட்டி மாமா காலமாகிப் பல வருடம். அவருடைய கேள்வியை அப்படியே கேட்டேன். இறங்குவதென்றால் எந்த இடத்தில் இறங்குவாய்?

அவள் நெடுநேரம் பார்த்தாள். அலை உடையாத அந்தத் துண்டை நோக்கிக் கை எழும்பியது. பாதியில் நின்றது. கையைக் கீழே போட்டாள்.

"அம்மம்மா, அந்தப் பக்கம் ஒருவரும் போறேல்லை, என்ன?" என்று கேட்டாள்.

அன்றைக்கு நாங்கள் இருவரும் கடலில் இறங்கவில்லை. இருட்டும்வரை மணலில் இருந்து கச்சான் உடைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, தண்ணீர் எந்த வழியாகத் திரும்பிப் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

வணக்கம்.