இலையில் ஓட்டை விழட்டும்

அவையோருக்கு வணக்கம்.

தோட்டம் வைத்திருப்பவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது ஒரே கேள்விதான்: "செடியில் புழு வந்துவிட்டது, என்ன மருந்து அடிக்கலாம்?" எதையும் அடிக்க வேண்டாம் என்பதுதான் என் பதில். அதோடு நிறுத்தாமல், புழு வரக்கூடிய செடிகளாகத் தேடி நடுங்கள் என்றும் கேட்டுக்கொள்வேன். இதைச் சொன்னதும் பலருக்கு முகம் சுருங்குகிறது. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று விளக்கவே இங்கே நிற்கிறேன்.

வண்ணத்துப்பூச்சி வர வேண்டும் என்று பூச்செடி வைக்கிறோம். பூவில் இருக்கும் தேன், வளர்ந்து பறக்கும் பூச்சிக்கான உணவு. அது முட்டையிட வேண்டுமானால் புழு தின்னக்கூடிய இலை வேண்டும். எல்லா இலையும் எல்லாப் புழுவுக்கும் ஆகாது. வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சி எருக்கையும் அதன் உறவுச் செடிகளையும் தேடிப் போய் முட்டையிடுகிறது. வட அமெரிக்காவின் மொனார்க் வண்ணத்துப்பூச்சி அதே குடும்பத்துப் பால்வடியும் செடிகளை நம்பி வாழ்கிறது. அந்தப் பாலில் நஞ்சு உண்டு. பெரும்பாலான பூச்சிகள் அதை நெருங்குவதில்லை. இந்தப் புழுக்களோ அந்த நஞ்சைத் தின்று உடம்பில் சேர்த்துவைத்து, பறவைகளுக்குக் கசந்து தப்பிக்கின்றன.

ஒவ்வொரு செடியும் தன் இலையைக் காத்துக்கொள்ள ஏதோ ஒரு வேதிப்பொருளைச் சமைத்து வைத்திருக்கிறது. அதைச் செரிக்கும் வல்லமை ஒரு பூச்சியினத்துக்கு வாய்க்கப் பல தலைமுறைகள் ஆகும். ஆகவேதான் வேற்று மண்ணிலிருந்து வந்த செடியின் இலை, இங்குள்ள புழுக்களில் பெரும்பாலானவற்றுக்கு உணவாவதில்லை. உண்ணிச்செடியைப் பாருங்கள். வெப்பமண்டல அமெரிக்காவில் பிறந்து, அழகுச்செடியாக ஊர் ஊராகப் பயணம் போய், இன்று ஆசியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா என்று மூன்று கண்டங்களின் காடுகளை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அதன் பூக்களில் வண்ணத்துப்பூச்சிகள் மொய்ப்பது உண்மை. அவற்றின் பிள்ளைகளுக்கு அங்கே சாப்பாடு இல்லை என்பதும் உண்மை.

புழு இல்லாவிட்டால் யாருக்கு நட்டம்? குஞ்சுக்கு. தானியம் தின்னும் பறவைகளில் கூடப் பல, தம் குஞ்சுக்குப் புழுவைத்தான் ஊட்டுகின்றன. அமெரிக்காவில் கரோலைனா சிக்கடீ என்றொரு சின்னக் குருவி இருக்கிறது. ஓர் ஈட்டுக் குஞ்சுகளைக் கூட்டிலிருந்து பறக்கவிட 6,000 முதல் 9,000 புழுக்கள் வரை அதற்குத் தேவை. வாஷிங்டன் நகரைச் சுற்றியுள்ள வீட்டுத் தோட்டங்களில் இந்தக் குருவியை ஆராய்ந்து 2018இல் வெளியிட்டார்கள். தோட்டத்துப் பசுமையில் 70 விழுக்காட்டுக்குக் குறையாமல் அந்த மண்ணின் செடிகளாக இருந்த இடங்களில்தான் குருவிக் கூட்டம் தன் எண்ணிக்கையைத் தக்கவைத்துக்கொண்டது. எனக்கு இதில் ஆறுதலும் உண்டு. ஆசையாக வளர்க்கும் வெளியூர் ரோஜாவைப் பிடுங்கி எறியச் சொல்லவில்லை. மீதி இடம் யாருக்கு என்பதுதான் கேள்வி.

இனி மருந்து. அதை மருந்து என்று அழைக்கவே எனக்கு மனம் ஒப்பவில்லை, அது கொல்லி. செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சியைக் கொல்லத் தெளிக்கிறோம். கூடவே அதை அழிக்கும் பொறிவண்டு, கண்ணாடி இறக்கைப் பூச்சி, ஒட்டுண்ணிக் குளவி எல்லாம் சாகின்றன. அசுவினி இணை சேராமலே குட்டி போட்டுப் பெருகும். சில நாட்களில் மீண்டும் கிளையை மூடிவிடும். அதைத் தின்னும் பொறிவண்டு அவ்வளவு விரைவில் திரும்பாது. எனவே மறுபடி தெளிக்கிறோம், முன்னைவிட அதிகமாக. இந்தச் சுழலை நிறுத்தும் முதல் பருவம் கடினமானது. அசுவினி கூடும். மறுபடி தெளிக்கக் கை பரபரக்கும். தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிட்டுப் பொறுத்திருங்கள். இரை இருக்கும் இடத்துக்கு வேட்டையாடிகள் வந்து சேரும்.

நியோனிகோட்டினாய்டு வகைக் கொல்லிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வேரில் ஊற்றினாலும் விதையில் பூசினாலும் அவை செடி முழுக்கப் பரவி, மகரந்தத்துக்கும் தேனுக்கும் போய்விடும். இலையைக் கடிக்காத தேனீக்கும் அதே நஞ்சுதான் கிடைக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் இவற்றில் மூன்றைத் திறந்தவெளியில் பயன்படுத்தத் தடை விதித்தது.

'இயற்கையானது' என்று எழுதியிருப்பதையும் கண்ணை மூடிக்கொண்டு தெளிக்காதீர்கள். சாமந்திக் குடும்பத்துப் பூவிலிருந்து எடுக்கும் பைரித்ரின் நல்ல பூச்சி, கெட்ட பூச்சி என்று பார்ப்பதில்லை. வேப்பெண்ணெய் பட்ட இலையைத் தின்றால் வண்ணத்துப்பூச்சியின் புழுவும் வளராமல் போகும்.

தனி ஒருவர் என்ன செய்துவிட முடியும் என்று கேட்கிறார்கள். கனடாவில் ஹட்சன் என்ற சிற்றூர். ஜூன் இர்வின் என்னும் தோல் மருத்துவர், 1980களில் ஊர்மன்றக் கூட்டங்களுக்குப் போய்ப் போய்ப் புல்வெளிக் கொல்லிகளைப் பற்றிக் கேள்வி எழுப்பிக்கொண்டே இருந்தார். 1991இல், அழகுக்காகக் கொல்லி தெளிப்பதை ஊர்மன்றம் தடைசெய்தது. புல்வெளி நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 2001இல் நாட்டின் உச்ச நீதிமன்றம் ஊரின் பக்கம் நின்றது. பிறகு ஒன்டாரியோ மாநிலம் முழுவதற்கும் 2009இல் அப்படியொரு தடை வந்தது. பிரான்சில் 2019 முதல் வீட்டுத் தோட்டக்காரர்களுக்குச் செயற்கைக் கொல்லிகளை விற்பதே இல்லை.

தொடங்குபவர்களுக்குச் சில வார்த்தைகள். உங்கள் வட்டாரத்தில் யாரும் தண்ணீர் ஊற்றாமல் தானே முளைத்து நிற்கும் செடிகளைக் கவனியுங்கள். அவற்றில் எவை அந்த மண்ணுக்கு உரியவை என்று செடி அறிந்தவர்களிடம் கேளுங்கள். ஒரு மூலையில் மண்ணை மூடாமல் விட்டுவையுங்கள். தேனீ இனங்களில் பெரும்பாலானவை கூட்டமாக வாழ்வதில்லை, நிலத்தில் துளை போட்டுத் தனியாகக் குடியிருக்கின்றன. உதிர்ந்த இலையைக் கொளுத்தாதீர்கள். கூட்டுப்புழுக்கள் அதற்குள் இருக்கும். நாற்றுப் பண்ணைக்குப் போனால் விலையைக் கேட்கும் முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: இந்தச் செடி எந்த மண்ணுக்கு உரியது? இதற்கு என்ன தெளித்திருக்கிறீர்கள்? பதில் வராவிட்டால் வாங்காமல் வாருங்கள். நாலு பேர் அப்படித் திரும்பினால், ஐந்தாவது ஆளுக்குப் பதில் தயாராக இருக்கும்.

நன்றி, வணக்கம்.