லீவு கேட்பதும் லீவ் பண்ணுவதும் ஒன்றல்ல

வணக்கம் எல்லாருக்கும். இலங்கை மலையகத்தில் எங்கள் கொட்டகலைப் பக்கம் காலையில் இருந்தே மழை. இப்போதுதான் கொஞ்சம் வெளித்திருக்கிறது. அதனால் எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, மேலே தேயிலை ஓரமாக வந்து உட்கார்ந்து பேசுகிறேன். பின்னால் கேட்கிற சத்தம் கொழுந்து லொறி. அது போகும்வரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்கு ஒரே ஒரு இங்கிலிஷ் சொல்: லீவ். நமக்கெல்லாம் தெரிந்த சொல்தான். ஆனால் முந்தாநாள் பக்கத்து லயத்துத் தங்கச்சி ஒருத்தி போனைக் கொண்டுவந்து நீட்டினாள். கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள். அம்மாவுக்குச் சுகமில்லை என்று வந்தவள், இன்னும் இரண்டு நாள் வீட்டில் இருந்துவிட்டுப் போகப் பார்க்கிறாள். முதலாளிக்கு அனுப்ப எழுதி வைத்திருந்தது இதுதான்: 'சார், ஐ ஆம் லீவிங் ஃப்ரைடே அண்ட் சாட்டர்டே.' அனுப்பிவிடாதே என்று சொல்லிப் போனை வாங்கிக்கொண்டேன்.

ஏன் என்றால், எனக்கு அது நடந்திருக்கிறது. பத்தொன்பது வயதில் கொழும்பில் என் முதல் வேலை. ஊரில் அக்காவுக்குக் கல்யாணம். 'சார், ஐ ஆம் லீவிங் ஃப்ரம் மண்டே' என்று மெசேஜ் போட்டுவிட்டு ஹட்டன் பஸ் ஏறினேன். ஒரு வாரம் கழித்துத் திரும்பிப் போனால் என் மேசையில் வேறொரு பையன் இருக்கிறான். 'நீதானே தம்பி வேலையை விட்டு நிற்கிறேன் என்று சொன்னாய்' என்று என் மெசேஜையே எனக்குக் காட்டினார்கள். மிச்சச் சம்பளத்தைக் கவரில் போட்டுத் தந்தார்கள். நான் சொல்ல வந்தது லீவு. நான் எழுதியது போகிறேன் என்று. அவ்வளவுதான் வித்தியாசம், வேலை போய்விட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். லீவ் என்பது பெயர்ச்சொல்லாக வந்தால் விடுப்பு. வினைச்சொல்லாக வந்தால் விட்டுப் போவது, இல்லாவிட்டால் விட்டு வைப்பது. 'ஐ ஆம் ஆன் லீவ்' என்றால் விடுப்பில் இருக்கிறேன், திரும்பி வருவேன். 'ஐ ஆம் லீவிங்' என்றால் கிளம்புகிறேன். அதையே முதலாளியிடம் சொன்னால் வேலையை விடுகிறேன் என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார். நாம் லீவு 'போடுகிறோம்'. இங்கிலிஷில் லீவைப் போட முடியாது, எடுக்கத்தான் வேண்டும். 'ஐ டுக் டூ டேஸ் லீவ்.'

இன்னொன்று. 'நாளைக்கு ஸ்கூல் லீவு' என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். அதை இங்கிலிஷில் அப்படியே சொன்னால் கேட்கிறவருக்கு விளங்காது. போயா என்கிற பௌர்ணமி நாளும் தைப்பொங்கலும் ஹாலிடே. அது எல்லாருக்கும் தானாக வருகிற நாள். லீவ் என்பது ஒருவர் கேட்டு, இன்னொருவர் கொடுப்பது. இந்தப் பெயர்ச்சொல்லுக்குப் பழைய அர்த்தமே அனுமதிதான். 'டேக் லீவ்' என்றால் விடைபெறுவது என்றும் ஒரு பொருள் உண்டு. நம்மிடமும் பாருங்கள், பெரியவர்களிடம் விடை கேட்கிறோம், அவர்கள் விடை கொடுக்கிறார்கள்.

இலங்கையில் கடையிலும் ஆபீசிலும் வேலை செய்கிறவர்களுக்குச் சட்டப்படியே லீவு இருக்கிறது. இரண்டாவது வருஷத்தில் இருந்து வருஷத்துக்கு 14 நாள் ஆனுவல் லீவ், 7 நாள் கேஷுவல் லீவ். கொழும்புக்குப் போகிற நம் பிள்ளைகள் நிறையப் பேருக்கு இது தெரியாது. தோட்டத்தில் நாட்பேருக்கு, அதாவது நாள் கூலிக்கு, வேலை செய்து வளர்ந்த வீட்டில், மலைக்குப் போனால் பேர், போகாவிட்டால் பேர் இல்லை. அம்மா ஒரு நாளும் லீவு கேட்டு நான் பார்த்ததில்லை. காய்ச்சலோடு பெரட்டுக்கு, காலையில் பேர் பதிகிற இடத்துக்கு, போனதைத்தான் பார்த்திருக்கிறேன். அதனால் லீவு கேட்க நமக்கு வாய் கூசுகிறது. கூசத் தேவையில்லை தங்கச்சி, அது உனக்கு உள்ளது.

அப்புறம் வினைச்சொல். இதில் நமக்கு ஒரு நல்ல வசதி இருக்கிறது, ஏனென்றால் நம்முடைய 'விடு' கிட்டத்தட்ட இதே வேலையைச் செய்கிறது. குடையை பஸ்ஸில் விட்டுவிட்டேன்: 'ஐ லெஃப்ட் மை அம்ப்ரெல்லா இன் த பஸ்.' இந்த இடத்தில் ஃபர்கெட் வேண்டாம், எங்கே விட்டோம் என்று சொல்லும்போது லெஃப்ட்தான் சரி. கதவைத் திறந்தே விடு: 'லீவ் த டோர் ஓப்பன்.' அதை விடுங்க அண்ணன்: 'லீவ் இட்.' எல்லாம் பொருந்துகிறது.

பொருந்தாத இடமும் உண்டு. த்ரீவீலரில் ஏறி 'லீவ் மீ இன் ஹட்டன் டவுன்' என்றால் என்னை அங்கே கைவிட்டுவிட்டுப் போ என்கிற மாதிரி இருக்கும். அங்கே 'ட்ராப் மீ'. என்னைப் போக விடு என்பதற்கு 'லெட் மீ கோ'. அப்புறம் ஊர்ப் பெயர். 'ஐ லெஃப்ட் கண்டி' என்றால் கண்டியில் இருந்து கிளம்பினேன். 'ஐ லெஃப்ட் ஃபார் கண்டி' என்றால் கண்டிக்குக் கிளம்பினேன். நடுவில் இருக்கிற ஃபாரை விட்டால் திசையே மாறிவிடும்.

உச்சரிப்புக்கு நான் அதிகம் சொல்லத் தேவையில்லை, குறிலும் நெடிலும் நம் வாயில் பிறந்ததில் இருந்தே இருக்கிறது. லிவ் என்று குறிலாகச் சொன்னால் வாழ்வது, லீவ் என்று நெடிலாகச் சொன்னால் போவது. 'ஐ லிவ் இன் ஹட்டன்.' 'ஐ லீவ் ஹட்டன்.' இதோ இந்தக் கொழுந்தைப் பாருங்கள், ரெண்டு இலையும் ஒரு மொட்டும். ஓர் இலை என்றால் லீஃப், இரண்டு என்றால் லீவ்ஸ். 'அவள் போகிறாள்' என்பதில் வருகிற 'ஷி லீவ்ஸ்' கூட அதே சத்தம்தான். சத்தம்தான் ஒன்று, மூன்றும் வேறு வேறு சொற்கள். இலை ஒரு சொல். அனுமதி என்கிற லீவ் இன்னொன்று, அது லவ் என்கிற சொல்லுக்குச் சொந்தம். போவது என்கிற லீவ் மூன்றாவது.

அந்த மூன்றாவது எங்கிருந்து வந்தது என்று படித்தபோது எனக்கு அன்றைக்கு இரவு தூக்கமே வரவில்லை. பழைய இங்கிலிஷில் அதற்கு அர்த்தம் போவது இல்லை. மிஞ்ச வைப்பது, இருக்க விடுவது. போகிறவன் எதையோ இங்கே இருக்க விடுகிறான் அல்லவா, அப்படித்தான் பிறகு போவதற்கே அந்தச் சொல் வந்து சேர்ந்தது. 2016இல் பிரிட்டனில் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா விலகுவதா என்று வாக்கெடுத்தார்களே, சீட்டில் ரிமெய்ன் ஒரு பக்கம், லீவ் ஒரு பக்கம். ஆனால் லீவ் பிறந்தபோது அதன் அர்த்தம் ரிமெய்னுக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

அந்தப் பழைய அர்த்தம் இன்னும் 'லெஃப்ட்' என்பதில் உயிரோடு இருக்கிறது. 'டூ ரொட்டிஸ் ஆர் லெஃப்ட்' என்றால் இரண்டு ரொட்டி மிச்சம். 'டூ பீப்பிள் லெஃப்ட்' என்றால் இரண்டு பேர் போய்விட்டார்கள். நடுவில் ஒரு 'ஆர்' வந்தால் போனவர்கள் மிஞ்சியவர்களாக ஆகிவிடுகிறார்கள்.

இதை நான் எங்கள் வீட்டை வைத்துத்தான் விளங்கிக்கொண்டேன். 1964 ஒக்டோபர் 30, இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம். 1948இல் குடியுரிமை இல்லாமல் போன இந்திய வம்சாவளித் தமிழர்கள், நம் ஆட்கள், 9,75,000 பேர் என்று கணக்குப் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இங்கே குடியுரிமை, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று வைத்துவிட்டு, 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எங்கள் அப்பாயி, அப்பாவின் அம்மா, இலங்கைக் கணக்கில். அப்பாயியின் தங்கச்சி, என் சின்ன அப்பாயி, இந்தியக் கணக்கில். ஒரே லயத்தில் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஒன்றாக வளர்ந்த இரண்டு பேர். கோச்சியில், அதாவது ரயிலில், தலைமன்னார் வரைக்கும், அங்கிருந்து கப்பலில் ராமேஸ்வரம், கடைசியில் கோத்தகிரிப் பக்கம் மறுபடியும் தேயிலைக்கே போய்ச் சேர்ந்தார்கள். 1984இல் அந்தக் கப்பலும் நின்றுபோனது.

போகும்போது சின்ன அப்பாயி தன் அம்மிக்கல்லை எடுத்துப்போக முடியவில்லை. அக்காவிடம் விட்டுப் போனார். இப்போதும் எங்கள் குசினியில் சுவரோரமாக இருக்கிறது. நடுவில் குழிந்து, ஒரு மூலை உடைந்து. நேற்றுக்கூட அம்மா அதில்தான் சம்பல் அரைத்தார். நான் பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் எடுக்கும்போது அந்த அம்மியைத்தான் காட்டுவேன். 'ஷி லெஃப்ட்.' சின்ன அப்பாயி போனார். 'ஷி லெஃப்ட் த அம்மி.' அம்மியை விட்டுப் போனார். 'த அம்மி இஸ் லெஃப்ட்.' அம்மி மிஞ்சியிருக்கிறது. ஒரு சொல், மூன்று வாக்கியம். ஒரு பிள்ளையும் இதுவரைக்கும் மறந்ததில்லை.

தமிழிலும் இப்படி ஒன்று இருக்கிறது, சொல்லாமல் போக மனம் வரவில்லை. கெடு என்பதில் இருந்து கேடு, படு என்பதில் இருந்து பாடு. அதே மாதிரி விடு என்பதில் இருந்து வீடு. அறம், பொருள், இன்பம், வீடு என்கிறோமே, அந்த வீடு விடுதல்தான். முதல் எழுத்து கொஞ்சம் நீண்டால் விடுவது வீடாகிவிடுகிறது. நாம் தங்கியிருக்கிற இடத்துக்கும் அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம்.

சரி, தங்கச்சியின் மெசேஜுக்கு வருவோம். இரண்டு பேருமாக உட்கார்ந்து மாற்றி எழுதினோம். 'சார், மை மதர் இஸ் சிக். மே ஐ டேக் லீவ் ஆன் ஃப்ரைடே அண்ட் சாட்டர்டே? ஐ வில் பி பேக் ஆன் மண்டே.' திங்கட்கிழமை வருவேன் என்கிற அந்தக் கடைசி வரி அவள் சேர்த்தது. சத்தமாக இரண்டு தடவை வாசித்துப் பார்த்துவிட்டு அனுப்பினாள். ஹட்டன் டவுனுக்கு மருந்து வாங்கப் போய் நாங்கள் திரும்புவதற்குள் பதில் வந்திருந்தது, ஓகே என்று.

லொறியும் போய்விட்டது, மழையும் திரும்ப வருகிறது. உங்கள் வீட்டில் இருந்து யாராவது போனபோது எதை விட்டுப் போனார்கள், கீழே மூன்று வாக்கியமாக எழுதுங்கள். தப்பாக வந்தாலும் பரவாயில்லை, நான் இருந்து ஒவ்வொன்றாகத் திருத்தித் தருகிறேன்.