உங்களிடமும்

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் ராயபுரத்துக்குப் பெயர் தந்தவரே ராயப்பர்தான். இயேசுவின் சீடர் பேதுருவை அந்தக் காலத்தில் அப்படித்தான் சொல்வார்கள். சேவல் கூவுவதற்குள் மூன்று தரம் ஆண்டவரைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, வெளியே போய்த் தனியாக அழுதவர்.

கத்தோலிக்கர்கள் நாங்கள் தனியாக அழுவதில்லை. திருப்பலிப் பூசை தொடங்கியதும் கோவில் மொத்தமும் சேர்ந்து சொல்கிறோம்: "எல்லாம் வல்ல இறைவனிடமும் சகோதர சகோதரிகளே உங்களிடமும் நான் பாவி என்று ஏற்றுக்கொள்கிறேன்." இறைவனிடம் சொல்வதில் எனக்குச் சிரமமே இருந்ததில்லை. அந்த 'உங்களிடமும்'தான் மீன் முள் மாதிரி தொண்டையில் நிற்கும்.

முன்பெல்லாம் சாமியாரும் பூசைக்கு உதவும் பையனும் பீடத்தடியில் லத்தீனில் சொல்லிக்கொள்வார்கள். நமக்கும் சேர்த்து அந்தப் பையனே பாவியாகிவிடுவான், வசதிதான்! 1970இல் வந்த திருப்பலி நூல்தான் இதை எல்லார் வாய்க்கும் கொண்டுவந்தது. இந்த மன்றாட்டில் பாவம் செய்த வழிகளைச் சொல்லும்போது வரும் 'கடமையில் தவறியதாலும்' என்பதும் அப்போது சேர்ந்ததே. பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் ஒப்புரவு அருட்சாதனத்துக்கு இது ஈடாகாது, அதற்குக் குருவிடம் போய்த்தான் ஆகவேண்டும்.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். கரண்ட் இல்லை. கீழ்வீட்டில் முழங்கால் அளவு தண்ணீர். ராத்திரி கிரில் கதவைத் தட்டி, "டீச்சர், புள்ளைய மட்டும் மேல வச்சுக்கோங்க" என்றாள் கீழ்வீட்டுப் பெண். மெழுகுவத்தியை ஊதி அணைத்துவிட்டுப் பேசாமல் படுத்திருந்தேன். என்னிடம் இருந்தது இரண்டு கேன் குடிதண்ணீர். அதுதான் காரணம். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

டிசம்பர் 10, ஞாயிறு. எனக்கு முன்வரிசையில் அவள். அன்றைய நற்செய்தியும் பாருங்கள், யோர்தான் கரையில் திருமுழுக்கு யோவானிடம் ஊரே திரண்டு பாவங்களை அறிக்கையிட்ட கதை. ஆனால் அதற்கு முன்பே என் கதை முடிந்துவிட்டது. "என் பாவமே, என் பாவமே, என் பெரும் பாவமே" என்று அவள் நெஞ்சில் அறைந்துகொள்கிறாள். இவள் எதற்கு அறைந்துகொள்ள வேண்டும்? அடுத்த வரியில் "சகோதர சகோதரிகளே, உங்களையும்... எனக்காக வேண்டிக்கொள்ள மன்றாடுகிறேன்" என்கிறேன். யாரை இருட்டில் நிற்க வைத்தேனோ அவளிடமே எனக்காக வேண்டிக்கொள்ளச் சொல்கிறேன்! அவளும் என்னிடம் அதையே கேட்கிறாள்.

சமாதானம் சொல்லும் நேரத்தில் திரும்பினாள். கைகூப்பினேன். "புள்ளைக்கு ஜுரம், டீச்சர்" என்றாள்.

பூசை முடிந்து மருந்துக்கடை வரைக்கும் இரண்டு பேரும் பேசாமலேதான் நடந்தோம்.