கூட்டணியும் கோச்சியும்

நேயர்களுக்கு வணக்கம். வல்லரசுகள் அணி சேர்ந்தால் போர் ஏன் வருகிறது என்று பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் இந்தப் பாடத்தை ஒரு தவணை முழுக்க இழுத்தடித்தவன் நான். இங்கே கால் மணித்தியாலம்தான். பார்ப்பம்.

முதலாம் உலகப் போர் ஏன் வந்தது என்று பிள்ளைகளிடம் கேட்டால் டக்கென்று பதில் வரும்: 1914 ஜூன் 28, சரயேவோவில் ஒஸ்ரிய முடிக்குரிய இளவரசரைச் சுட்டதால் வந்தது. சுட்ட கவ்ரிலோ பிரின்சிப்புக்கு அப்போது 19 வயது, ஏ.எல். சோதினை எழுதுகிற வயது. செத்தது இளவரசரும் அவர் மனைவியும். அந்த இரண்டு பேரில் தொடங்கி, கிட்டத்தட்ட ஒரு கோடிப் படையினர் சாகும் வரைக்கும் அது எப்படிப் போனது? அதுதான் எனக்குக் கேள்வி.

கூட்டணிகளைக் கெதியாகச் சொல்லிவிடுகிறேன். 1879இல் ஜேர்மனியும் ஒஸ்ரியா-ஹங்கேரியும் சேர்ந்தன. 1882இல் இத்தாலியும் அவர்களோடு வந்தது. அங்காலே 1894இல் பிரான்சும் ரஷ்யாவும். பிரித்தானியா 1904இல் பிரான்சோடும் 1907இல் ரஷ்யாவோடும் இணக்கத்துக்கு வந்தது. அந்த இரண்டும் கூட்டணிகூட இல்லை. எகிப்து எனக்கு, மொரோக்கோ உனக்கு என்ற மாதிரிப் பங்கு பிரிப்பு. இவற்றில் ஒன்றிலாவது "சேர்ந்து போய் அடிப்பம்" என்று எழுதியிருக்கவில்லை. "எனக்கு ஒருத்தன் அடித்தால் நீ வா" என்றுதான் இருந்தது. பிறகேன் அடிபாடு?

எல்லை வேலிச் சண்டை தெரியாத ஆள் யாழ்ப்பாணத்தில் இருக்க முடியாது. ஒருத்தர் இரவோடு இரவாகக் கதியாலை ஒரு சாண் அரக்கி நட்டுவிடுவார். விடிய வாய்த்தர்க்கம். கத்தி தூக்க முதல் இரண்டு பேரும் மனதுக்குள் ஒரு கணக்குப் பார்ப்பார்கள்: "என்ரை பக்கம் மச்சான்மார் எத்தினை பேர் வருவினம்? அவன்ரை பக்கம் ஆர் நிப்பினம்?" அந்தக் கணக்குத் தெரிகிறபடியால்தான் அரைவாசிச் சண்டை வாயோடு முடிகிறது.

1914இல் அந்தக் கணக்கு ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. ஒப்பந்தங்களின் வாசகம் இரகசியம். பிரித்தானியாவை எடுத்துக்கொள்ளுங்கோ. 1906 தொடக்கம் அந்த நாட்டு இராணுவ அதிகாரிகள் பிரெஞ்சு அதிகாரிகளோடு இரகசியமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அமைச்சர்கள் பலருக்கே 1911 வரைக்கும் அது தெரியாது. 1912இல் வெளிநாட்டமைச்சர் கிரேயும் பிரெஞ்சுத் தூதுவர் கம்போனும் கடிதம் மாற்றிக்கொண்டார்கள். கடிதத்தில் இருந்தது "ஆபத்து வந்தால் கலந்து பேசுவோம்" என்ற அளவுதான். ஆனால் பிரான்ஸ் தன் கடற்படையில் பெரும்பகுதியை மத்தியதரைக் கடலுக்குக் கொண்டுபோய்விட்டது. அதன் வடக்குக் கரை பிரித்தானியாவை நம்பித் திறந்து கிடந்தது. வருவோம் என்று கையெழுத்து வைக்கவில்லை, வராமல் இருக்கவும் ஏலாது. இதைக் கிரே பாராளுமன்றத்தில் விளக்கியது 1914 ஓகஸ்ட் 3ஆம் திகதி! அதுவரைக்கும் பிரித்தானியா ஒதுங்கி நிற்கும் என்று பெர்லினில் பலர் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

அதைவிட மோசமானது, தனித்துப்போவோமோ என்ற பயம். ஜேர்மனிக்கு ஒஸ்ரியாவை விட்டால் நம்பத்தக்க துணை இல்லை. அதனால், இளவரசரின் கொலைக்குப் பின்னால் சேர்பியா நிற்கிறது என்று ஒஸ்ரியா கொதித்தபோது, ஜூலை 5ஆம் திகதி, "சேர்பியாவை என்னவும் செய்யுங்கள், நாங்கள் பின்னால் நிற்கிறோம்" என்று ஜேர்மன் பேரரசர் கைசர் வில்ஹெல்ம் வாக்குக் கொடுத்துவிட்டார். துணையை இழந்துவிடுவோமென்று பயந்து துணையின் கோபத்துக்குப் பின்னாலே போவது. ரஷ்யாவும் அப்படித்தான். சேர்பியாவைக் காக்கவேண்டும் என்று அதைக் கட்டிப்போட்ட ஒப்பந்தம் ஒன்றும் இருக்கவில்லை. கைவிட்டால் போல்கனில் மரியாதை போய்விடும் என்ற எண்ணம்தான்.

திகதிகளைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஒஸ்ரியாவுக்காக ஜேர்மனி ரஷ்யாமீது போர் அறிவித்தது ஓகஸ்ட் 1. யாருடைய வழக்கோ அந்த ஒஸ்ரியா ரஷ்யாமீது போர் அறிவித்தது ஓகஸ்ட் 6! இத்தாலி இன்னும் கெட்டிக்காரன். "இது தற்காப்பு இல்லை, நாங்கள் வரவில்லை" என்று ஒதுங்கி நின்று, 1915 மே மாதம் எதிர்ப்பக்கத்தில் சேர்ந்து ஒஸ்ரியாவோடேயே அடிபட்டது.

இனிக் கோச்சிக் கதைக்கு, அதாவது புகையிரதக் கதைக்கு, வருகிறேன். இதில் எனக்கு ஒரு கிறுக்கு இருக்கிறது. என்னிடம் படித்தவர்கள் இப்போது சிரித்துக்கொண்டிருப்பார்கள். கொழும்பிலிருந்து எங்களுக்குப் புகையிரதப் பாதை வந்து சேர்ந்தது 1905இல். அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் இராணுவம் என்றாலே புகையிரத நேர அட்டவணைதான். எந்த வண்டி எந்தப் பாலத்தை எத்தனை மணிக்குக் கடக்கவேண்டும் என்பது வரைக்கும் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்கள். ரஷ்யப் பேரரசர் ஜூலை 29 இரவு, கைசரின் தந்தி கிடைத்து, முழுப் படைதிரட்டலை நிறுத்தினார். இருவரும் உறவுக்காரர், ஆளுக்காள் 'வில்லி', 'நிக்கி' என்று எழுதுகிறவர்கள். அடுத்த நாள் தளபதிகள் என்ன சொன்னார்கள்? "அரைவாசிப் படையை மட்டும் திரட்டினால் முழுத் திட்டமும் குழம்பிவிடும்." திரும்பவும் கையெழுத்து.

ஜேர்மனியின் திட்டம் இன்னும் விசித்திரம். இரண்டு பக்கமும் எதிரி. ரஷ்யா ஆறுதலாகத்தான் படை திரட்டும். ஆகவே முதலில் பெல்ஜியத்தால் புகுந்து பிரான்சை ஆறு கிழமையில் முடிப்பது, பிறகு கிழக்கே திரும்புவது. விளங்குதா? சண்டை ரஷ்யாவோடு, முதல் அடி பெல்ஜியத்துக்கு.

ஓகஸ்ட் 1 பின்னேரம் லண்டனிலிருந்து ஜேர்மன் தூதுவரின் தந்தி: ஜேர்மனி பிரான்சைத் தாக்காவிட்டால் பிரான்சும் சும்மா இருக்கப் பிரித்தானியா பார்த்துக்கொள்ளக்கூடும். கைசருக்குப் பெரிய சந்தோசம். "அப்படியென்றால் முழுப் படையையும் கிழக்கே திருப்புவோம்!" தலைமைத் தளபதி மோல்ற்கே வெளிறிப்போனார். பத்து லட்சம் பேர், 11,000 வண்டிகள், ஒரு வருட உழைப்பு. மாற்றமுடியாது என்றுவிட்டார். கைசர் சுள்ளென்று சொன்னார்: "உம்முடைய பெரியப்பாவாக இருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பார்." பெரியப்பாதான் 1870இல் பிரான்சை வென்ற பழைய மோல்ற்கே. வீட்டுக்குப் போய் மனுசன் அழுதாராம். இதற்கிடையில் லக்சம்பேர்க்கில் ஒரு சின்ன ஸ்ரேசனை ஒரு படைப்பிரிவு போய்ப் பிடித்துவிட்டது. பின்னால் காரில் வந்தவர்கள் "பிழை நடந்துவிட்டது" என்று சொல்லி அவர்களைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போனார்கள். இரவு பதினொரு மணிக்கு மேலே கைசர் மோல்ற்கேயைக் கூப்பிட்டு, "லண்டன் செய்தி வெறும் விளக்கக்குறைவு, இனி உம்முடைய விருப்பம்" என்றார். வண்டிகள் மேற்கே போயின. இதில் என்ன கொடுமையென்றால், முன்பு புகையிரதப் பிரிவின் தலைவராக இருந்த ஸ்டாப்ஸ் என்ற தளபதி போருக்குப் பிறகு புத்தகமே எழுதினார், படையில் பெரும்பகுதியைக் கிழக்கே திருப்பியிருக்கலாம் என்று! மாற்ற ஏலாது என்று தளபதி சொன்னால் ஏன் ஏலாது என்று கேட்கவும் ஒரு ஆள் வேணும், பாருங்கோ. வேறொன்றை நீங்கள் மறந்தாலும் இந்தக் கோச்சிக் கதையை மறவாதேயுங்கோ.

ஓகஸ்ட் 4ஆம் திகதி, பெல்ஜியத்தின் நடுநிலைக்கு உறுதி கொடுத்த 1839ஆம் ஆண்டு ஒப்பந்தம் ஒன்றைக் காட்டிப் பெல்ஜியத்துக்காகப் பிரித்தானியாவும் இறங்கியது. அரசர் இறங்கினால் இலங்கையும் இறங்கியதுதான். எங்களை யார் கேட்டது? செப்ரெம்பர் 22 இரவு ஜேர்மனியின் 'எம்டன்' போர்க்கப்பல் சென்னையில் குண்டு போட்டு எண்ணெய்த் தாங்கிகளை எரித்தது. மலாயாவில் கிளாக்கர்மாராக இருந்த எங்கட ஆக்கள் காசு சேர்த்துப் பிரித்தானியப் படைக்கு ஒரு விமானம் வாங்கிக் கொடுத்தார்கள். அதன் பெயர் 'யாழ்ப்பாணம்'. கிரேயின் கடிதத்தை ஒருநாளும் காணாதவர்களின் சம்பளக் காசு அது.

கண்ணாடிக்கு அங்காலே தம்பி கை காட்டுகிறார். நேட்டோ 1949, வார்சோ உடன்படிக்கை 1955, கியூபா நெருக்கடி 1962, அதன் பிறகு 1963இல் மொஸ்கோவுக்கும் வாஷிங்டனுக்கும் இடையே நேரடித் தொடர்பு என்று ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்தேன். அதை விடுவம். திருகோணமலையை மட்டும் சொல்லிவிடுகிறேன். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் அங்கே குண்டு போட்டன, அது பிரித்தானியத் துறைமுகம் என்பதற்காக. 1987 இந்திய-இலங்கை உடன்படிக்கையோடு மாற்றிக்கொண்ட கடிதங்களிலும் அந்தத் துறைமுகத்தின் பெயர் இருக்கிறது: இந்தியாவின் நலனுக்குக் கேடாக எந்த நாட்டின் இராணுவத் தேவைக்கும் கொடுப்பதில்லை என்று. அந்தக் கடிதங்கள் ஒளித்துவைக்கப்படவில்லை, எவரும் எடுத்து வாசிக்கலாம். வாசித்துப் பாருங்கோ. வணக்கம்.