செல்போன் ஆப் போதாதா, மெஷின் எதற்கு?

போன வீடியோவில், சின்னக் கடைகளுக்குக் கார்டு தேய்க்கும் மெஷின் கொடுக்கும் நைஜீரியாவின் மோனிபாய்ன்ட் நிறுவனத்தைப் பற்றிப் பேசியிருந்தேன். அதைப் பார்த்த நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "சின்னக் கடைக்காரர்களுக்கு உதவ வேண்டுமென்றால் செல்போனில் ஒரு ஆப் செய்து கொடுத்தால் போதாதா? கார்டு தேய்க்கும் மெஷினைக் கடை கடையாகக் கொண்டுபோய் வைப்பது எதற்கு?"

நைஜீரியாவின் லாகோஸ் நகரச் சந்தையில் ஒரு துணிக்கடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே கூட்டம். துணி எடுத்தவர் தன் செல்போனை நீட்டி, "பணம் அனுப்பிவிட்டேன், பாருங்கள்" என்கிறார். திரையில் வங்கி அனுப்பியது போலவே ஒரு குறுஞ்செய்தி. கடைக்காரர் நம்பித் துணியைக் கொடுத்துவிடுகிறார். சாயங்காலம் கணக்கைப் பார்த்தால் பணம் வரவே இல்லை. அங்கே இதற்குப் பெயரே உண்டு, 'ஃபேக் அலர்ட்', அதாவது பணம் வந்ததாகச் சொல்லும் போலிச் செய்தி. அன்றைக்குச் சம்பாதித்ததெல்லாம் அந்த ஒரு துணியோடு போய்விடும். அவரிடம் போய் "கணக்கு எழுத நல்ல ஆப் இருக்கிறது" என்றால் காதில் ஏறுமா? பணம் வந்ததா, இல்லையா என்பதுதான் அவருடைய முதல் கவலை. அதை வாங்குபவரின் செல்போன் சொல்லக் கூடாது, தன் மேஜை மேல் இருக்கும் மெஷின் சொல்ல வேண்டும். கார்டு தேய்த்தாலும் சரி, வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பினாலும் சரி.

மோனிபாய்ன்டை நடத்தும் டோசின் எனியோலொருண்டா 2015-ல் டீம்ஆப்ட் என்ற பெயரில் தொடங்கியபோது வங்கிகளுக்குத்தான் மென்பொருள் செய்து கொடுத்தார். அப்புறம்தான் தெருவோர முகவர்கள், கடைக்காரர்கள் பக்கம் வந்தார். குடைக்குக் கீழே மெஷினோடு உட்கார்ந்து பணம் எடுத்துக் கொடுக்கும் முகவர்கள்தான் வங்கிக் கிளை எட்டாத ஊர்களில் வங்கி. அவர்கள் வாங்கும் கமிஷன் ஏழையின் தலையில் விழுகிறது, அது எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது.

2023 தொடக்கத்தில் நைஜீரியாவில் 200, 500, 1000 நைரா (அந்நாட்டுப் பணம்) நோட்டுகளை மாற்றினார்கள். புது நோட்டு போதிய அளவு வரவில்லை. கணக்கில் பணம் இருக்கும், கையில் அரிசி வாங்கக் காசு இருக்காது. வங்கிகளின் ஆப்களும் அடிக்கடி திணறின. அந்த வாரங்களில் மெஷின் வைத்திருந்த கடைக்காரர்களுக்கு அதுதான் கைகொடுத்தது.

2024 அக்டோபரில் மோனிபாய்ன்டுக்கு 11 கோடி டாலர் முதலீடு வந்ததைத்தான் எல்லோரும் பேசினார்கள். எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. சொத்துப் பத்திரம் எதுவும் காட்ட முடியாத கடைக்காரருக்கு, அந்த மெஷினில் பதிவான தினசரி விற்பனையைப் பார்த்தே சரக்கு வாங்கக் கடன் கொடுக்கிறார்கள்.